தறிக்குழி இருந்த இடம்

கட்டிலிலிருந்து கழிப்பறை வரை 31 காலடிகள். இடையில் 3 நிலைப்படிகள், 2 படி இறக்கம், சமையலறைக்குள் அம்மியை ஒட்டி ஒரு திருப்பம். பிறந்ததிலிருந்து அந்த வழியாகத்தான் போய் வந்திருக்கிறேன். ஒரு நாளும் எண்ணியதில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் என்று பெயர். சொந்த வீட்டின் படிகளை எண்ணுவதற்கு நைனாவுக்குப் பக்கவாதம் வரவேண்டியிருந்தது.

எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் குடியாத்தத்தில் கைலி நெய்தவர். அவர் பிறந்த வருடத்தைக் கேட்டால் பாட்டி, "காமராஜர் நம் ஊரில் நின்று ஜெயித்த வருஷம்" என்பார். அதாவது 1954. 2022 பிப்ரவரியில் ஒரு விடியற்காலை அவருடைய வலது கையும் காலும் அவர் பேச்சைக் கேட்காமல் போயின. வேலூரில் மூன்று வாரம் மருத்துவமனை வாசம். பேச்சு கொஞ்சம் குழறலோடு திரும்பிவிட்டது. நான்கு கால் ஊன்றுகோலை இடது கையில் பிடித்துப் பத்தடி நடப்பார், அதற்கு மேல் சக்கர நாற்காலி என்ற நிலையில் வீட்டுக்கு அழைத்துவந்தோம்.

வீடு, தெருவிலிருந்து புழக்கடை வரை ரயில் பெட்டிபோல நீளும் பழைய வீடு. திண்ணை, கூடம், கூடத்துக்கு வலப்பக்கம் தறி அறை, பிறகு நடு அறை, சமையலறை, கடைசியாகப் புழக்கடையில் கிணற்றை ஒட்டிக் குளியலறையும் கழிப்பறையும். பின்னால் போகப் போகத் தரை தாழ்ந்துகொண்டே போகும். கழிப்பறை எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு சுத்தம் என்று நினைத்துக் கட்டிய தலைமுறை அது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஓடியாடும் கால்களுக்காகக் கட்டினார்கள்.

முதல் மாதம் கூடத்திலேயே ஒரு கமோடு நாற்காலியைப் போட்டு, கொடிக்கயிற்றில் புடவையைத் தொங்கவிட்டுச் சமாளித்தோம். சமாளித்தோம் என்பது எங்கள் கணக்கு. நைனாவின் கணக்கு வேறு. மார்ச் கடைசியில்தான் அம்மா கவனித்தார். டம்ளரைக் கொடுத்தால் உதட்டில் வைத்துவிட்டுக் கீழே வைத்துவிடுகிறார். தண்ணீர் குடித்தால் போகவேண்டி வரும். போகவேண்டுமானால் யாரையாவது கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் மருமகளும் பேத்தியும் எழுந்து வெளியே போக வேண்டும். அதற்குப் பதிலாகத் தாகத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார். குடியாத்தத்து வெயிலில் இது எங்கே போய் நிற்கும்? சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், ஒரு வாரக் காய்ச்சல். வீட்டில் பெரியவர் ஒருவர் திடீரென்று தண்ணீரைக் குறைத்தால், மருந்துச் சீட்டைப் புரட்டுவதற்கு முன் கழிப்பறைக்குப் போகும் வழியை ஒருமுறை நடந்து பாருங்கள்.

அதன்பின் என் வீரச்செயல்கள் தொடங்கின. புழக்கடைக் கழிப்பறையில் இருந்த இந்தியன் பீங்கானை எடுத்துவிட்டு வெஸ்டர்ன் வைத்தேன். கைப்பிடிக் கம்பி ஒன்று வாங்கி, துளைபோடும் இயந்திரத்தை இரவல் கேட்டு, நானே மாட்டினேன். நைனாவுக்கு இடது கைதான் நல்ல கை. ஆகவே வாசலில் நின்று பார்த்து இடப்பக்கச் சுவரில் மாட்டினேன். பெருமையாக அழைத்துப்போய்த் திருப்பி உட்காரவைத்தால், கம்பி அவருடைய வலப்பக்கத்தில் இருக்கிறது. உள்ளே போகும்போது இடம், திரும்பி உட்கார்ந்தால் வலம். இது தெரியாமல் 42 வயது வரை வாழ்ந்திருக்கிறேன். செயலற்ற வலது கை மடியில் கிடக்க, இடது கையைக் குறுக்கே நீட்டிக் கம்பியை எட்டிப் பிடித்து இழுத்தார். பூச்சோடு சேர்ந்து கம்பி கையில் வந்துவிட்டது. நல்லவேளை, நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அடுத்த வாரம் நான் பக்கத்தில் இல்லாதபோது இரண்டாவது படியில் சறுக்கி விழுந்தார். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

வேலூர் பாகாயத்தில் இருக்கும் மறுவாழ்வு நிலையத்துக்கு அழைத்துப்போனது அதன் பிறகுதான். 1954 இல் நடந்த சாலை விபத்தில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966 இல் உருவான இடம் அது. நாற்காலியில் இருந்தவரே தொடங்கிய இடம் என்பதாலோ என்னவோ, அங்கே கேட்ட கேள்விகள் வேறு மாதிரி இருந்தன. பயிற்சி கொடுத்த அம்மையாரிடம் நான் கழிப்பறையை வர்ணிக்கத் தொடங்கியதும் கையமர்த்தினார்.

"அது இருக்கட்டும். கட்டிலிலிருந்து சொல்லுங்கள். எழுந்தவுடன் கால் எங்கே படுகிறது? எந்தப் பக்கம் திரும்புகிறார்? கதவு எந்தப் பக்கம் திறக்கும்? கூட வருகிறவர் எங்கே நிற்பார்?"

ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து டேப்பை எடுத்தேன். நாற்காலியின் அகலம் 25 அங்குலம். கழிப்பறைக் கதவு திறந்த பின் கிடைக்கும் வழி 24 அங்குலம். கூடத்துத் தரைக்கும் புழக்கடைத் தரைக்கும் உள்ள இறக்கம் 19 அங்குலம். சாய்தளம் கட்டலாமே என்று தம்பி சொன்னான். ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளமாவது சாய்தளம் வேண்டும் என்பது கணக்கு. 19 அடிக்குச் சாய்தளம் போட்டால் சமையலறையே சறுக்குமரம் ஆகிவிடும். கழிப்பறையை எவ்வளவு சீர்செய்தாலும் பயனில்லை, கழிப்பறைதான் கட்டிலை நோக்கி வரவேண்டும் என்பது அன்று இரவு டேப்பைச் சுருட்டும்போது புரிந்தது.

வருவதற்கு இருந்த ஒரே இடம் தறி அறை.

10 அடி அகலம், 15 அடி நீளம். அதில் இரண்டு குழித்தறிகள் இருந்தன, நெய்கிறவர் விளிம்பில் உட்கார்ந்து காலைக் குழிக்குள் விட்டு மிதிக்கும் தறிகள். தெருச் சன்னலை ஒட்டியது தாத்தாவின் குழி, உள்பக்கம் இருந்தது நைனாவுடையது. 2011 இல் தறிகளை விற்றுவிட்டுக் குழிகளைத் தூர்த்துச் சிமெண்ட் பூசினோம். அதற்குப் பிறகு பழைய பாய், கிரைண்டர், உடைந்த சைக்கிள் எல்லாம் அங்கேதான். என்னைப் பொறுத்தவரை அது சாமான் அறை. ஆனால் ஒவ்வோர் ஆயுத பூசைக்கும் நைனா அந்த வெறுந்தரையில் பொட்டு வைத்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருவார்.

விஷயத்தைச் சொன்னபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. "சோறு போட்ட இடத்திலா கக்கூஸ் கட்டப்போகிறாய்?" என்றார். அதற்குமேல் நான்கு நாள் பேச்சில்லை. அம்மாவுக்கும் மனத்தாங்கல், பூசை மாடம் இருந்தது அந்த அறையை ஒட்டிய கூடத்துச் சுவரில். மாடத்தை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம், அம்மா சரியாகிவிட்டார். நைனாவிடம் வாதாட என்னிடம் எதுவும் இல்லை. மேஸ்திரி வந்து அறையை அளந்து, "சன்னல் பக்கம் வைத்தால் காற்றோட்டம் கிடைக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, நாற்காலியில் இருந்து குரல் வந்தது.

"அது எங்கள் அப்பா உட்கார்ந்த குழி. அதைத் தொடாதீர்கள். என்னுடையதில் வையுங்கள்."

அப்படித்தான் முடிவானது. சன்னல் பக்கம் படுக்கை, உள்பக்கம் குளியலறை. பிறகு யோசித்தால், செப்டிக் டேங்குக்கும் அதுதான் பக்கம். அறையின் வெளிச்சுவரை ஒட்டி எங்களுக்குச் சொந்தமான இரண்டரை அடிச் சந்து புழக்கடை வரை போகிறது. அதில் 44 அடிக்குக் குழாய். அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் என்றால் 11 அங்குலம் இறங்க வேண்டும். வீடு ஏற்கெனவே 19 அங்குலம் இறங்கிக் கிடக்கிறது. நைனாவை விழவைத்த அதே இறக்கம் குழாய்க்கு வசதியாகிவிட்டது.

சுவரில் கைவைப்பதற்கு முன் மேஸ்திரியிடம் இரண்டு நாள் கேட்டு வாங்கினேன். இந்த வேலை முழுவதிலும் நான் செய்த ஒரே புத்திசாலித்தனம் அதுதான். மகளின் பள்ளிப் பையிலிருந்து சாக்கட்டியை எடுத்து, வரப்போகும் குளியலறையைத் தரையில் கோடு போட்டேன். நடுச்சுவருக்குப் பதில் கயிறு கட்டிப் போர்வை. கதவு வருமிடத்தில் இரண்டு ஸ்டூல். கமோடுக்குப் பதில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பிறகு நைனாவை உண்மையாகவே கட்டிலிலிருந்து எழுப்பி, ஊன்றுகோலோடு நடந்துவரச் சொன்னோம்.

மேஸ்திரியின் திட்டப்படி கமோடு கதவுக்கு நேரெதிரே பின்சுவரில் இருந்தது. எல்லார் வீட்டிலும் அப்படித்தானே வைக்கிறார்கள். ஆனால் அதில் உட்கார வேண்டுமென்றால் அரைச் சுற்றுத் திரும்ப வேண்டும். பாதி திரும்பும்போதே நைனாவின் வலது கால் இடது காலோடு பின்னிக்கொண்டது. பிளாஸ்டிக் நாற்காலியை வலப்பக்கச் சந்துச் சுவருக்கு மாற்றினோம். இப்போது உள்ளே வந்து இடப்பக்கமாக ஒரு கால் சுற்றுத் திரும்பினால் போதும், முதுகுக்குப் பின்னால் இருக்கை. நல்ல கால் பக்கமாகத் திரும்பும்போது தடுமாறவே இல்லை. திரும்பிய பிறகு அவருடைய இடது கைக்குப் பக்கத்தில் எது வருகிறது என்று பார்த்தால், கட்டப்போகிற நடுச்சுவர். கம்பி அங்கேதான். இருக்கையின் நடுவிலிருந்து சுவர் 18 அங்குலம் இருக்கும்படி குறித்தோம். வலப்பக்கம் மூன்றடி காலி. துணைக்கு வருகிறவர் பலமில்லாத பக்கத்தில்தான் நிற்க வேண்டும் என்று பாகாயத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

சக்கர நாற்காலி சுழல்வதற்கு 5 அடி வட்டம் வேண்டும். அதையும் சாக்கட்டியால் போட்டோம். மேஸ்திரி சுவரோரம் காட்டிவைத்திருந்த கைகழுவும் தொட்டி வட்டத்துக்குள் மூக்கை நீட்டியது. தொட்டியைச் சின்னதாக்கி மூலைக்குத் தள்ளினோம். காகிதத்தில் எல்லாம் அழகாகப் பொருந்தியிருந்தது. காகிதத்துக்குக் கால் பின்னாது.

உயரத்தைச் சொன்னது நைனாவேதான். சாதாரணக் கமோடு ஏறக்குறைய 16 அங்குலம். அதிலிருந்து எழ முக்கினார். நாற்காலிக்கு அடியில் பலகையை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போனேன். 18½ அங்குலத்தில், இடது உள்ளங்கையைப் பக்கத்து ஸ்டூலில் ஊன்றி ஓர் அழுத்து அழுத்தி எழுந்துவிட்டார். அந்த அசைவை நான் ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்குத் தறியிலிருந்து எழும்போது குழியின் விளிம்பில் கையை ஊன்றி இப்படித்தான் மேலே வருவார். கம்பி என்றால் பிடித்து இழுப்பதற்கு என்றே நினைத்திருந்தேன். அவருக்கு வேண்டியது கீழே அழுத்தி எழுவதற்கு. அதனால் படுக்கைவாட்டில் ஒன்று, இருக்கைக்கு மேலே சுமார் 8 அங்குலத்தில். நிமிர்ந்த பிறகு பிடித்துக்கொள்ளச் செங்குத்தாக ஒன்று. இரண்டின் இடத்தையும் அவர் கை பட்ட இடத்திலேயே பென்சிலால் குறித்தேன்.

வேலை தொடங்கியதும் தரையைத் தட்டிப் பார்த்த மேஸ்திரி முகத்தைச் சுளித்தார். டொப்பென்று சத்தம். 2011 இல் கட்டட இடிபாட்டைக் கொட்டி மூடியிருந்தோம், உள்ளே மண் இறங்கிப் பொள்ளலாகிவிட்டது. அதன்மேல் சுவர் எழுப்பினால் வெடிப்பு நிச்சயம். குழியை மறுபடியும் வெட்டினார்கள். செங்கல் துண்டுகளுக்கு நடுவே ஒரு மிதிகட்டை வந்தது, பாதி கரையான் அரித்தது. நைனா அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். குழியைப் பாறைத்தூளால் அரையடி அரையடியாக நிரப்பித் தண்ணீர் விட்டுத் திமிசால் இடித்தார்கள். அதன்மேல் கான்கிரீட் பெல்ட், அதற்கு மேலேதான் சுவர். நடுச்சுவர் முழுவதும் நாலரை அங்குலம். கம்பி வருகிற மூன்றடிக்கு மட்டும் 9 அங்குலம். புதுச்சுவர் கட்டும்போதே இதைச் செய்துவிட்டால் செலவு சில நூறு செங்கல்தான். கம்பி மாட்டியதும் நான் அதில் முழு எடையோடு தொங்கிக் காட்டினேன். 74 கிலோ. முன் அனுபவம் இருந்ததால் இரண்டு முறை தொங்கினேன்.

பெரிய சண்டை நிலைப்படிக்குத்தான். குளியலறைக்கு நிலைப்படி வைக்காமல் மேஸ்திரி இதுவரை கட்டியதில்லை. "தண்ணீர் கட்டிலுக்கு அடியில் வந்து நிற்கும், அப்புறம் என்னைச் சொல்லாதீர்கள்" என்றார். அரை அங்குலம் மட்டுமாவது வைக்கிறேன் என்று இறங்கி வந்தார். கால் தரையோடு இழுபடுகிறவருக்கு அரை அங்குலம் ஒரு மலை. கதவருகே அறைத்தரையும் குளியலறைத் தரையும் ஒரே மட்டம், அங்கிருந்து பின்சுவரை நோக்கி வாட்டம், பின்சுவரோரம் நீளமாக ஒரு கம்பிவலை மூடிய வடிகால் என்று ஒருவழியாகச் சம்மதிக்கவைத்தேன். டைல் ஒட்டுவதற்கு முன் பத்து வாளித் தண்ணீரைக் கொட்டிப் பார்த்தோம். ஒன்பது வாளி ஒழுங்காகப் போயிற்று. பத்தாவது வாளியைக் குளிக்கும் மூலையில் வேகமாக ஊற்றியபோது ஒரு நாக்கு நீண்டு கதவைத் தாண்டியது. மேஸ்திரி ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை. அந்த மூலையில் பூச்சைக் கொத்தி எடுத்து வாட்டத்தைக் கூட்டினார். டைல் ஒட்டிய பிறகு இது தெரிந்திருந்தால் இரட்டைச் செலவு.

கதவு தள்ளுகதவு, படுக்கைப் பக்கச் சுவரில் தொங்குகிறது. முழுதாகத் தள்ளினால் 36 அங்குல வழி. உள்பக்கம் திறக்கும் கதவை மட்டும் வைக்காதீர்கள். உள்ளே ஒருவர் விழுந்தால் அவர் உடம்பே கதவை அடைத்துவிடும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடியது.

டைல் கடையில் என்னைப் பைத்தியக்காரன் என்றே நினைத்திருப்பார்கள். வழுக்காது என்று அவர்கள் காட்டிய ஒவ்வொன்றின் மேலும் தண்ணீரை ஊற்றி, வீட்டிலிருந்து கொண்டுபோன நல்லெண்ணெயில் நாலு சொட்டு விட்டு, வெறுங்காலால் தேய்த்துப் பார்த்தேன். நைனாவுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல் தப்பாது. அதைத் தாங்காத டைல் எங்களுக்கு எதற்கு? பளபளப்பான இரண்டடி டைல்கள் முதல் சொட்டிலேயே தோற்றன. கடைசியில் சொரசொரப்பான ஓரடி டைல். சிறிய டைலில் இடுக்குகள் அதிகம், காலுக்குப் பிடிமானமும் அதிகம். ஒன்றை மட்டும் அப்போது யோசிக்கவில்லை. எங்கள் போர் தண்ணீர் உப்புத் தண்ணீர். சொரசொரப்பில் சோப்பும் உப்பும் சேர்ந்து படிந்து, மூன்று மாதத்தில் அதுவே வழுக்க ஆரம்பித்தது. வாரம் ஒருமுறை பிரஷ் போட்டுத் தேய்ப்பது இப்போது என் ஞாயிற்றுக்கிழமை வேலை.

ஷவர் மாட்டினால் போதும் என்று நினைத்ததும் தவறு. வாழ்நாள் முழுவதும் வாளியில் மொண்டு ஊற்றிக் குளித்தவருக்குத் தலைக்கு மேலிருந்து கொட்டும் தண்ணீர் மூச்சுத் திணறுகிறது. வாளியைத் தரையில் வைத்தால் குனிய வேண்டும், குனிந்தால் விழுவார். அதனால் குளிக்கும் நாற்காலிக்கு இடப்பக்கம், அதே உயரத்தில் ஒரு சிமெண்ட் மேடை, அதன்மேல் வாளி, அதற்கு மேலே குழாய். கைஷவரும் இருக்கிறது, அதை நான்தான் டைல் கழுவப் பயன்படுத்துகிறேன். வெந்நீரில் கவனம் வேண்டும். அவருடைய வலது கைக்குச் சூடு சரியாகத் தெரிவதில்லை. ஒருமுறை புறங்கை சிவந்த பிறகுதான் நாங்கள் கண்டோம். இப்போது இடது கையால் தொட்டுப் பார்த்த பிறகே முதல் குவளை.

மொத்தம் 1,68,000 ரூபாய் ஆயிற்று. குழாயும் சந்து வெட்டும் அதில் பெரும்பங்கு. பணத்தை வீணாக்கியது முகம் பார்க்கும் கண்ணாடியில். என் உயரத்துக்கு மாட்டினேன். நாற்காலியில் இருப்பவருக்கு அதில் மேற்கூரைதான் தெரிந்தது. கழற்றி இறக்கியதில் ஒரு டைல் உடைந்தது. சந்துச் சுவரில் காற்றுப்போக்கிக்குத் துளை போட்டது பத்தவில்லை, பின்னால் சிறு விசிறி ஒன்று சேர்த்தோம். படுக்கையறைக்குள்ளேயே கழிப்பறை வரும்போது முதல் நாளே அதைப் போட்டுவிடுவது நல்லது.

ஆகஸ்டில் ஒரு காலை, கட்டிலிலிருந்து 7 காலடி வைத்து உள்ளே போய், கதவைத் தானே இழுத்து மூடிக்கொண்டார். நானும் அம்மாவும் வெளியே நின்றோம். கூப்பிடுவதற்கு ஒரு மணி வைத்திருந்தோம், அது அடிக்கவில்லை. நெடுநேரம் கழித்துத் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. "நிற்காமல் போய் வேலையைப் பாருங்கள்" என்று உள்ளேயிருந்து சொன்னார். அம்மா அடுப்படிக்குப் போய்ப் பெரிய சொம்பு நிறைய மோர் கரைத்தார்.

ஒரு வாரம் கழித்து மேஸ்திரியை வரச்சொல் என்றார். என்ன குறையோ என்று பயந்துகொண்டே கூப்பிட்டேன். கமோடில் உட்கார்ந்தால் எதிரே தெரியும் சுவரைக் காட்டி, "மூன்றாவது வரிசை ஒரு நூல் ஓடியிருக்கிறது" என்றார் நைனா. மேஸ்திரிகள் கணக்கில் நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. மேஸ்திரி சிரித்துக்கொண்டே ரசமட்டத்தை வைத்தார். பிறகு டேப்பை எடுத்தார். பிறகு சிரிக்கவில்லை. சரியாக ஒரு நூல்.